லிமிட் கேட்பதற்கு முன் மூன்று ஸ்டேட்மென்ட்

ஆறு வருடமாக ஒரே தொகையில் நின்றிருந்த என் கிரெடிட் கார்டு லிமிட் போன வாரம் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் மேலேயே உயர்ந்தது. முதல் முறை கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஐந்து மாதம் பொறுத்து மறுபடி கேட்டேன், இந்த முறை கிடைத்தது. நடுவில் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதி வைக்கிறேன். முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அந்த ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும், உங்களுக்காவது ஆகட்டும்.

என் வேலை ஊர் ஊராகப் போய் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. டிக்கெட், தங்குமிடம், வாடகை வண்டி எல்லாவற்றையும் என் கார்டில்தான் போடுவேன், பில்களை ஒப்படைத்தால் அலுவலகம் அடுத்த மாதம் பணத்தைத் தந்துவிடும். இன்னொரு கார்டும் இருக்கிறது, ஆனால் எல்லாச் செலவுக்கும் கை தானாகப் போவது இந்த ஒரு கார்டுக்குத்தான். முதல் வேலையில் சேர்ந்தபோது வாங்கியது. அன்றைய சம்பளத்தைப் பார்த்து அவர்கள் வைத்த லிமிட் அப்படியே இருந்தது. சம்பளம் அதற்கப்புறம் நன்றாகவே ஏறிவிட்டது, ஆனால் அதை நான் வங்கிக்குச் சொல்லவே இல்லை.

ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நிற்கிறேன், கார்டு போகவில்லை. இரண்டாவது முறை தேய்த்தார்கள், அப்போதும் போகவில்லை. லிமிட்டில் மிச்சம் இருக்கிறதே என்று ஆப்பைத் திறந்து பார்த்தால், முந்தைய விடுதி முன்பணமாக நிறுத்தி வைத்த தொகை இன்னும் விடுவிக்கப்படாமல் கிடக்கிறது. இது பலருக்குத் தெரியாது: விடுதிகளும் வாடகைக் கார் நிறுவனங்களும் நாம் உள்ளே நுழையும்போதே ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைக்கும். அது பில்லில் வராது, ஆனால் லிமிட்டில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நாம் கணக்கை முடித்துக் கிளம்பிய பிறகும் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். லிமிட் சின்னதாக இருந்து பயணம் அடிக்கடி இருந்தால், ஒன்றன் மேல் ஒன்றாக இப்படி நின்றுவிடும். அன்றைக்கு என்னோடு வந்திருந்தவர் தன் கார்டைக் கொடுத்ததால்தான் அறை கிடைத்தது.

மறுநாள் காலையிலேயே ஆப்பில் லிமிட் உயர்த்தக் கேட்டு விண்ணப்பித்தேன். சில நிமிடங்களில் பதில் வந்துவிட்டது, இப்போது இயலாது என்று. கஸ்டமர் கேருக்குப் போன் செய்து காரணம் கேட்டேன். "மேடம், உங்க லிமிட்டோட பார்த்தா பயன்பாடு ரொம்ப அதிகமா காட்டுது" என்றார் அந்தப் பெண். எனக்கு மனசு கேட்கவே இல்லை. ஆறு வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறியதில்லை, ஒரு மாதம்கூட மினிமம் டியூ (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டியதில்லை, முழுத் தொகையும் கடைசித் தேதிக்குள் கட்டியிருக்கிறேன். அப்புறம் எப்படிப் பயன்பாடு அதிகம்?

விடை சொன்னவர் எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் இருக்கும் அண்ணன். என் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீ பணம் கட்டுறது ஒரு தேதியில. அவங்க போட்டோ எடுக்கிறது வேற தேதியில. போட்டோவுல நீ எப்படித் தெரியுறேன்னு எப்பவாவது பார்த்திருக்கியா?" என்றார்.

விஷயம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கார்டுக்கு இரண்டு தேதி உண்டு. ஸ்டேட்மென்ட் போடும் தேதி ஒன்று, பணம் கட்டக் கடைசித் தேதி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். கடன் விவரங்களைத் தொகுக்கும் நிறுவனங்களுக்கு வங்கி நம் பாக்கியை அனுப்புவது பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் போடும் நாளையொட்டித்தான். இந்தியாவில் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, எனவே மாதத்துக்கு இரண்டு போட்டோவாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். லிமிட் 1,00,000 என்றும் ஸ்டேட்மென்ட் நாளில் பாக்கி 78,000 என்றும் எடுத்துக்கொண்டால், பயன்பாடு 78 சதவீதம் என்று பதிவாகிவிடும். மூன்று வாரம் கழித்து ஒரு பைசா விடாமல் கட்டினாலும் சரி, அதற்குள் அடுத்த மாதச் செலவு ஏறியிருக்கும், அடுத்த போட்டோவிலும் 75, 80 என்றே வரும். பார்க்கிற கணினிக்கு, எப்போதும் கழுத்துவரை கடனில் நிற்கும் ஆளாகத்தான் நான் தெரிந்திருக்கிறேன்.

இதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறார்கள் என்று தேடினேன். கடனை எவ்வளவு நம்பிக் கொடுக்கலாம் என்று காட்டும் மதிப்பெண்தான் கடன் ஸ்கோர். அமெரிக்காவில் அதிகம் புழங்கும் ஃபைகோ ஸ்கோரில், தவணை தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதற்கு 30 சதவீதம். மீதியில் கணக்கின் வயதுக்கு 15, புதிதாகக் கடன் கேட்பதற்கு 10, கடன்களின் வகைக்கு 10. கார்டு பயன்பாட்டு விகிதம் அந்த 30-க்குள் முக்கியமான பங்கு. மற்ற நாட்டு ஸ்கோர்களில் கணக்கு மாறும், ஆனால் ஒழுங்காகக் கட்டுவதும் லிமிட்டில் எவ்வளவு பிடித்திருக்கிறோம் என்பதும் முக்கியமாவது எங்கும் ஒன்றுதான். முதல் பாதியில் நான் நல்ல பிள்ளை. இரண்டாம் பாதியில் மாதாமாதம் என்னை அறியாமலே மதிப்பெண்ணை விட்டுக்கொண்டிருந்தேன். 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஒரு கைக்கணக்கு மட்டுமே, 31 ஆனால் ஸ்கோர் பொத்தென்று விழும், 29 ஆனால் ஏறும் என்றெல்லாம் இல்லை. குறையக் குறைய நல்லது. ரொம்ப உயர்ந்த ஸ்கோர் வைத்திருப்பவர்களிடம் இது பத்துக்கும் கீழே இருக்கும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அது என்னை ரொம்ப வருத்தியது. லிமிட் சின்னதாக இருப்பதால் விகிதம் பெரிதாகத் தெரிகிறது, விகிதம் பெரிதாகத் தெரிவதால் லிமிட் கொடுக்க மறுக்கிறார்கள். இந்தச் சுற்றை நம் பக்கத்திலிருந்துதான் உடைக்க முடியும்.

அண்ணன் சொன்ன வழி எளிமையானது. ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடு, மிச்சத்தைக் கடைசித் தேதிக்குள் கட்டு. பணம் கணக்கில் ஏற ஒன்றிரண்டு நாள் ஆகலாம், அதற்காகத்தான் முன்கூட்டியே. முதல் மாதம் எனக்கு இது கஷ்டமாகத்தான் இருந்தது, அலுவலகப் பணம் வருவதற்குள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் இந்த இறுக்கம் ஒரே ஒரு மாதத்துக்குத்தான், அதற்கப்புறம் சுழற்சி தன்னால் சரியாகிவிடுகிறது. கூடவே கொஞ்சம் செலவை இரண்டாவது கார்டுக்கு மாற்றினேன். மூன்று ஸ்டேட்மென்ட்டில் பயன்பாடு 78-லிருந்து 40, அப்புறம் 22, அப்புறம் 14 என்று இறங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரே மாதத்தில் லிமிட்டை நிரப்புவது, கட்டுவது, மறுபடி நிரப்புவது, மறுபடி கட்டுவது என்று இரண்டு மூன்று சுற்று ஓட்டாதீர்கள். லிமிட்டைப் போல இரண்டு மடங்கு பணம் ஒரு மாதத்தில் புரண்டால் வங்கிக்குச் சந்தேகம் வரும். முன்கூட்டிக் கட்டுவது பாக்கியை இறக்க, கூடுதல் இடம் பிடிக்க அதைப் பயன்படுத்த வேண்டாம்.

ஒரே மாதம் குறைத்துக் காட்டினால் போதாதா என்றும் கேட்டேன். பழைய ஸ்கோர் முறைகளுக்குப் போதும், அவற்றுக்குப் பயன்பாட்டில் ஞாபகசக்தி கிடையாது, கடைசிப் போட்டோவைத்தான் பார்க்கும். ஆனால் வான்டேஜ் ஸ்கோர் 4.0, ஃபைகோ 10டி போன்ற புதிய முறைகள் இரண்டு வருடப் போக்கை எடுத்துப் பார்க்கின்றன. தவிர, நம் வங்கியிடம் நம் மொத்தச் சரித்திரமும் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் மூன்று ஸ்டேட்மென்ட்டாவது சுத்தமாகக் காட்டிவிட்டுக் கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்தது வருமானம். ஆப்பில் என் விவரங்களுக்குள் போய்ப் பார்த்தால், ஆறு வருடத்துக்கு முந்தைய சம்பளம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! அதை மாற்றி, சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் ஏற்றினேன். உங்களுடையதை இன்றைக்கே போய்ப் பாருங்கள், கேட்கிற எண்ணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திருப்பிக் கட்டும் திறனைப் பார்த்துத்தான் லிமிட் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 2009-ல் வந்த கார்டு சட்டம் அதைப் பார்க்காமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்றே சொல்கிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிப்படி நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது, குறைத்தால் தெரிவிக்க வேண்டும். இந்தச் சம்மதம் கேட்கும் செய்தியை விளம்பரம் என்று நினைத்து நான் எத்தனை முறை அழித்தேனோ தெரியாது. ஆப்பில் ஒரு மூலையில் முன்கூட்டியே அனுமதித்த சலுகை ஏதாவது காத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேட்பதற்கு முன் கஸ்டமர் கேரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த விண்ணப்பத்துக்காக என் கடன் அறிக்கையில் விசாரணை பதிவாகுமா? விசாரணையில் இரண்டு வகை. வங்கி சும்மா எடுத்துப் பார்ப்பது ஸ்கோரைத் தொடாது. கடன் விண்ணப்பமாகப் பதிவாகும் விசாரணை கொஞ்சம் தொடும். ஃபைகோ கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு அது ஐந்து புள்ளிக்கும் குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் அந்தச் சமயத்தில் இதைக் கேட்காமல் இருப்பது நல்லது. மறுத்தார்கள் என்பதற்காக வாராவாரம் தட்டிக்கொண்டே இருப்பதும் வேண்டாம்.

எவ்வளவு கேட்பது? வாயில் வந்ததைச் சொல்லாமல் கணக்குப் போட்டேன். என் அதிக பட்ச மாதச் செலவு, விடுதிகள் நிறுத்தி வைக்கும் தொகை, இரண்டும் சேர்ந்தாலும் லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதில் வந்த தொகையைக் கேட்டேன், காரணமாக அலுவலகப் பயணச் செலவு என்று குறிப்பிட்டேன். முழுதாகத் தரவில்லை, கேட்டதில் முக்கால்வாசி தந்தார்கள். எனக்கு அது போதும். கூடவே ஏடிஎம்மில் பணம் எடுக்கும் உள்வரம்பையும் உயர்த்தினார்கள், நான் அதைப் பூஜ்யமாக்கச் சொல்லிவிட்டேன். கார்டில் ரொக்கம் எடுத்தால் வட்டியில்லா நாட்களே கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி ஓடும், மேலே கட்டணம் வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மினிமம் டியூ மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இப்போது லிமிட் கேட்காதீர்கள். பாக்கியைச் சுமந்துகொண்டிருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் பொதுவாக முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும். அந்த நிலையில் கூடுதல் லிமிட் ஆழத்தைத்தான் கூட்டும். என் நெருங்கிய தோழி ஒருத்தி இதில் மூன்று வருடம் கஷ்டப்பட்டதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். முதலில் பாக்கியை அடைத்து முடியுங்கள்.

அப்புறம் அந்தப் போன் அழைப்புகள். "உங்கள் கார்டு லிமிட்டை உயர்த்தித் தருகிறோம்" என்று அழைத்து கார்டு எண், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், ஓடிபி கேட்பார்கள், இல்லையென்றால் ஏதோ ஓர் ஆப்பை இறக்கச் சொல்லி நம் திரையைப் பார்ப்பார்கள். நான் விண்ணப்பித்திருந்த வாரத்திலேயே எனக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தது. காத்திருக்கும் நேரம் என்பதால் உண்மையென்றே ஒரு நொடி நம்பிவிட்டேன். லிமிட் உயர்த்த எந்த வங்கிக்கும் நம் ஓடிபியைப் போனில் சொல்லத் தேவையில்லை. வெட்டிவிட்டு, கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

புது லிமிட் வந்த அன்றே, பழைய லிமிட்டின் பாதியைத் தாண்டினால் செய்தி வரும்படி ஆப்பில் வைத்துவிட்டேன். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கும் முதல் கார்டு, சின்ன லிமிட், அதே பயணங்கள். நான் காத்திருந்த மாதங்களிலேயே அவன் கார்டின் ஸ்டேட்மென்ட் தேதி என்ன என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து தேடிப் பிடித்து, அவன் போனில் அதற்கு நான்கு நாள் முன்பாக நினைவூட்டல் போட்டோம். இப்போது இரண்டு ஸ்டேட்மென்ட் முடிந்திருக்கிறது. மூன்றாவது வந்ததும் கேட்கப் போகிறான்.