சொல்வது அவள், தாங்குவது நாம்

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் வளரிளம் பெண்கள் குழுக்களை அமைத்து, அதே வயதுப் பெண்களைத் தலைவிகளாகப் பயிற்றுவிப்பது என் வேலை. புது ஊருக்குப் போனதும் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விதான் முதலில் வரும். பள்ளியில் கேட்டால் முதல் மதிப்பெண் வாங்கும் பெண்ணைக் காட்டுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் வசதியான வீட்டுப் பெண்ணைக் காட்டுவார்கள். இருவரும் நல்ல பிள்ளைகளாகவே இருக்கலாம். ஆனால் மாதவிடாய் இரண்டு மாதமாக வரவில்லை என்று ஒருத்தி தேடிப் போய்ச் சொல்வது அவர்களிடம் இல்லை.

அதனால் பெண்களிடமே துண்டுச் சீட்டு கொடுத்து, "வீட்டுக்குத் தெரியாத ஒரு விஷயத்தை யாரிடம் சொல்வாய்?" என்று மட்டும் கேட்கிறோம். திரும்பத் திரும்ப வரும் பெயர் பெரும்பாலும் பெரியவர்கள் யோசிக்காத பெயர். பத்தாவதில் ஒரு பாடம் போனவள், விடுமுறையில் தக்காளி பறிக்கப் போகிறவள், பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மாவுக்குப் பதிலாகத் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறவள். இவர்கள்தான் என் தலைவிகள்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2014-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற சுகாதாரத் திட்டத்தில், கிராமத்துக்கு 2 பையன்கள், 2 பெண்கள் என்று சக வயது வழிகாட்டிகளுக்குக் கணக்கு உண்டு. நல்ல கணக்குதான். ஆனால் எங்கள் பக்கம் கிராமம் என்றால் ஊர், காலனி என்று இரண்டு. வழிகாட்டிகள் எல்லாரும் ஊர்ப் பக்கமே அமைந்துவிட்டால் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள், வந்தாலும் வாசலோடு நிற்பார்கள். எனவே இரண்டு பக்கமும் தலைவிகள் வேண்டும், கூட்டமும் ஒரு வாரம் இங்கே, மறுவாரம் அங்கே. காலனியில் கூட்டம் என்றதும் சில வீடுகளில் பெண்ணை அனுப்புவதை நிறுத்தினார்கள். இடத்தை நாங்கள் மாற்றவில்லை. பக்கத்தில் உட்கார முடியாத பெண்களிடம் ஆரோக்கியம் பற்றி எதைப் பேசுவது?

சின்ன வேலைகளில் இந்தப் பெண்களின் திறமை நன்றாகத் தெரியும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15–19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் வாங்கி ஜன்னலுக்கு வெளியே எறிகிறவர்கள் நிறைய. "அது சாப்பிட்டால் குழந்தை பிறக்காது" என்று ஒரு வதந்தி. மலம் கறுப்பாகப் போனதும் வரும் பயம் வேறு. கிராம சுகாதார செவிலியர் சொன்னபோது தலையாட்டியவர்கள், கூடப் படிக்கிறவள் "எனக்கும்தாண்டி கறுப்பாப் போச்சு, ஒண்ணும் ஆகலை, சாப்பிட்டுட்டு உடனே டீ மட்டும் குடிக்காதே" என்றதும் விழுங்குகிறார்கள்.

கடினமானது குழந்தைத் திருமணம். 18 வயது ஆகாத ஒரு பெண்ணுக்குப் பேச்சு முடிந்துவிட்டது என்பது முதலில் அவள் தோழிகளுக்குத்தான் தெரியும். தலைவி எனக்கு போன் செய்வாள்: "அக்கா, வெள்ளிக்கிழமை கோயில்ல வெச்சுக் கட்டப் போறாங்களாம்." அதோடு அவள் பங்கு முடிந்தது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுவது, மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குத் தெரிவிப்பது, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பது, திட்டு வாங்குவது எல்லாம் சம்பளம் வாங்கும் எங்கள் வேலை. அந்த வாரம் அவளுடைய தெருப் பக்கமே நாங்கள் போவதில்லை. சின்ன ஊரில் யார் சொன்னது என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது.

திருமணத்தை நிறுத்திய வீரச் சிறுமி என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கும் வழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படம் பேப்பரில் வந்த மறுநாளும் அவள் அதே குழாயடியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். 16 வயதுப் பெண்ணின் துணிச்சலை நம்பி, அரசாங்கமும் நாங்களும் செய்ய வேண்டியதை அவள் தலையில் கட்டுவது அநியாயம்.

அவளால் மட்டுமே முடிகிற வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. திருமணம் நின்றுபோன பெண் பள்ளிக்குத் திரும்பும்போது ஊரே பார்க்கும். அந்த நாட்களில் தோழிகள் நான்கைந்து பேராக அவளோடு நடந்து போகிறார்கள். சிலர் அவள் அம்மாவிடமே போய், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதிகாரி எழுதி வாங்கும் உறுதிமொழியைவிட இந்தக் கணக்கு சில வீடுகளில் நன்றாக வேலை செய்கிறது.

இப்போது அவர்கள் கையில் எடுத்திருப்பது பேருந்துப் பிரச்சினை. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாயங்கால பஸ் பல நாள் ஊருக்குள் வருவதில்லை, மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் நடக்க வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே படிப்பை நிறுத்திய பெண்கள் உண்டு. கிராம சபையில் மனு கொடுக்க 18 நிறைந்த ஒரு தலைவி முன்வந்தாள். "பாத்துக்கலாம்மா" என்று மனுவை வாங்கி வைத்தார்கள். அவள் உட்காரவில்லை. "தீர்மானப் புத்தகத்துல எழுதி நம்பர் சொல்லுங்க சார், குறிச்சுக்கிறேன்" என்றாள். எழுதினார்கள். அடுத்த கிராம சபைக்கு அந்த நம்பரோடு போகப் போகிறாள். இந்த முறை பையன்கள் குழுவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறது.