டிரம்பெட் எட்டாம் நிலை: இரண்டாவது முயற்சியில் நான் மாற்றிக்கொண்டவை

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முதலாண்டில் இணைப்பாட நடவடிக்கைக்காகப் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்தபோது நான் கேட்டது டிரம்ஸ். என் பல்வரிசையைப் பார்த்துவிட்டு ஆசிரியர் கையில் கொடுத்தது டிரம்பெட். தொடக்கக் கல்லூரி முதலாண்டில் பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் எட்டாம் நிலைச் செய்முறைத் தேர்வுக்குச் சென்றேன். 150க்கு 118 கிடைத்தது. தேர்ச்சிக்கு 100 போதும், மெரிட் என்ற மேல்தரத் தேர்ச்சி பெற 120 வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண் உள்ள மூன்று இசைத்துண்டுகளில் நான் பெற்றவை, வாசித்த வரிசைப்படியே, 24, 22, 21. தவறு எங்கே என்பதை அந்த இறங்குவரிசையே காட்டிக்கொடுத்தது.

டிரம்பெட்டில் மூன்று வால்வுகளை அழுத்தக்கூடிய முறைகள் மொத்தம் எட்டுதான். மற்ற சுரங்களையெல்லாம் உதடும் மூச்சுமே பிரித்தெடுக்க வேண்டும். இது தெரிந்திருந்தும், தேர்வுக்கு முந்தைய வாரம் நாள்தோறும் மூன்று மணி நேரம் இடைவிடாமல் ஊதினேன். உதடு களைத்தபோது, உயர்சுரங்களுக்காக மவுத்பீஸை முகத்தில் அழுத்தினேன். அழுத்தம் இரத்த ஓட்டத்தைத் தடுப்பதால் களைப்பு இன்னும் விரைவாக வந்தது. பியானோத் துணையின்றி வாசிக்க வேண்டிய மூன்றாவது துண்டின் கடைசி வரியில் காற்று மட்டுமே வந்தது, ஒலி வரவில்லை. இரண்டாம் முறை, இருபது நிமிடம் ஊதினால் அதே அளவு ஓய்வு என்று வைத்துக்கொண்டேன். ஓய்வில் வால்வுகளை மட்டும் அழுத்தியபடி சுரங்களைப் பாடிப் பார்த்தேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலில் நாயனக்காரர் தவிலுக்கு இடம்விட்டு அமர்ந்திருப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது தாளத்துக்கான மரியாதை மட்டுமல்ல, உதட்டுக்கான ஓய்வும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு பிழை, நம் ஊருக்கே உரியது. வெளித்தாழ்வாரத்தின் வெக்கையில் சுருதி சேர்த்துவிட்டு, குளிரூட்டப்பட்ட தேர்வறைக்குள் நுழைந்தேன். குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும்; அரைச்சுரத்துக்கே 100 சென்ட்தான் என்பதால், எட்டு டிகிரி வித்தியாசம் காதில் நன்றாகவே உறுத்தும். பியானோ நமக்காக இறங்கி வராது. ஆகவே முதல் துண்டைத் தொடங்குமுன் ஒலி எழுப்பாமல் வெதுவெதுப்பான மூச்சைக் குழாய்க்குள் நான்கைந்து முறை செலுத்துங்கள். பிறகு பியானோவிடம் சுருதி கேட்டு, தேவைப்பட்டால் சுருதிக்குழாயைச் சற்று உள்ளே தள்ளுங்கள். தேர்வாளர்கள் இதற்குத் தாராளமாக நேரம் தருவார்கள். கூச்சப்பட்டு அவசரப்படுபவர்கள் நாம்தான்.

மீதி மதிப்பெண்களில் ஸ்கேல் எனும் சுரவரிசைகளுக்கும் பார்த்தவுடன் வாசிப்பதற்கும் தலா 21, செவித்தேர்வுக்கு 18. கர்நாடக இசை கற்றவர்களுக்குச் செவித்தேர்வில் பாடிக் காட்டுவது அவ்வளவு கடினமாக இராது. ஆறாம் நிலை முதலே தேர்வுக்குச் செல்ல ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டுத் தேர்வோ அதற்கு ஈடாக ஏற்கப்படும் தேர்வோ வேண்டும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாருக்காக மியூட் என்ற ஒலியடக்கியைப் பொருத்திப் பழகுவது தவிர்க்க முடியாதது. ஆனால் அது மூச்சுக்குக் கூடுதல் தடை தருவதால், வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளியில் திறந்த ஒலியில் ஊதுங்கள். அடுத்த ஆண்டு 131 பெற்றேன்.

தேசிய சேவையில் ஆயுதப்படை இசைக்குழுவில் இருந்தபோது பாடம் தலைகீழானது: வெயிலில் அணிவகுத்தால் சுருதி ஏறும், குழாயை வெளியே இழுக்க வேண்டும். அதன்பின் விக்டோரியா இசை அரங்கில் ஓர் இளையர் குழுவுக்கு மாற்றாளாக வாசித்த முதல் மாலையில், நான் வாசிக்காமல் காத்திருக்க வேண்டிய 80க்கும் மேற்பட்ட அளவுகளை (தாளச் சுற்றுகளை) விரலால் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தேன். மடியில் கருவி குளிர்ந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கை முடியப் பத்து அளவு இருக்கையில் பழக்கம் கைகொடுக்க, ஓசையின்றி மூச்சைச் செலுத்தினேன். நுழைந்த முதல் சுரம் சுருதியில் நின்றது, இரண்டாவது உடைந்தது.