போனுக்குள் ஒரு கணினி: கெடுத்துப் பழக

விடுமுறைக்கு மேலூரிலிருந்து திருநகர் வந்திருந்த அக்கா மகள், "மாமா, லேப்டாப் வாங்கும்வரை போனிலேயே லினக்ஸ் பழக முடியாதா?" என்று கேட்டாள். கட்டளைகளைப் பழக, ஆண்ட்ராய்டு போனில் லினக்ஸ் கட்டளைத் திரையைத் தரும் டெர்மக்ஸ் செயலியே போதும். ஆனால் ரூட் எனும் முழு நிர்வாக அதிகாரத்தோடு வட்டைப் பிரிக்கவும், பயனர்களைச் சேர்க்கவும், இயங்குதளத்தின் மையமான கர்னல் வரை கைவைக்கவும் அவளுக்கு ஆசை. அதற்கு முழு இயந்திரம் வேண்டும்.

என் பழைய 6 ஜிபி போனில் டெர்மக்ஸ் வழியாக க்யூஎமு நிறுவினேன். ஒரு கருவிக்குள் இன்னொரு முழுக் கணினியைப் போலியாக ஓட்டிக்காட்டும் மென்பொருள் இது; 2003இல் ஃபப்ரீஸ் பெல்லார் வெளியிட்டது. உள்ளே ஓட ஆல்பைன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். சிறியது, வரைகலைத் திரையும் தேவையில்லை. நினைவகம் 1 ஜிபி. அதன் வட்டு என்பது போனில் ஒரு கோப்புதான்; 4 ஜிபி என்று குறித்தாலும், எழுத எழுதத்தான் அந்தக் கோப்பு வளரும்.

முதல்முறை லாகின் வரி வர இரண்டரை நிமிடம் ஆயிற்று. உள்ளே ஓடுவது கணினிகளின் எக்ஸ்86 சிப்புக்கான லினக்ஸ்; போனில் இருப்பதோ ஆர்ம் வகை சிப். அதனால் எக்ஸ்86 கட்டளைகளையெல்லாம் ஆர்ம் கட்டளைகளாக மென்பொருளே மொழிபெயர்த்தாக வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் சூடாக வெளியே வருகிறது. கத்திரி வெயில் வேறு. உறையைக் கழற்றி, கொல்லைப்புற நிழலில் கிடக்கும் அம்மிக்கல் மேல் போனை வைத்தேன். கருங்கல் சூட்டை நன்றாகவே வாங்கிக்கொண்டது.

நிறுவல் பாதியில் இருந்தபோது திரை அணைந்தது, இயந்திரமும் நின்றுபோனது. போனைத் தூங்கவிடாத டெர்மக்ஸின் 'வேக் லாக்'கைப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த வேலைதான். நிறுவிய வட்டை அடிப்படைக் கோப்பாக வைத்து, அதன்மேல் இன்னொரு க்யூகவ்2 கோப்பை (க்யூஎமுவின் வட்டுக் கோப்பு வகை) உருவாக்கினேன். மாற்றங்கள் எல்லாம் மேல் கோப்பில்தான் பதியும். அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

"இதில் எதை வேண்டுமானாலும் அழி" என்று அவளிடம் கொடுத்தேன். முதலில் தயங்கினாள். பிறகு பூட் கோப்புறையையே அழித்து மறுதொடக்கம் செய்தாள். கர்னல் இல்லாமல் இயந்திரம் எழவில்லை. மேல் கோப்பை நீக்கிப் புதிதாக ஒன்றை உருவாக்கினேன். இரண்டரை நிமிடத்தில் பழைய லாகின் வரி வந்து நின்றது.

"மாமா, இந்தத் தடவை அந்தக் கோப்பை நானே உருவாக்குகிறேன்" என்று போனை வாங்கிக்கொண்டாள்.