வால்வின் அடியில் மங்கிய எழுத்துகள்

பொள்ளாச்சி நண்பர் ஒருவர் கொண்டுவந்த பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் இரண்டு இஎல்34 வகை வால்வுகளிலும் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்), துடைத்துத் துடைத்தே நிறுவனத்தின் பெயர் அழிந்துபோயிருந்தது. அதனால் குடிமுழுகிவிடவில்லை, ஒருவர் செய்த வால்வை இன்னொருவர் தம் பெயரில் விற்பது அந்நாளில் வழக்கம் என்பதால், அச்சிட்ட பெயரை நான் முழுதாக நம்புவதில்லை.

கண்ணாடியின் அடிப்பகுதியில் பொறித்த சாம்பல்நிறக் குறியீட்டைத்தான் சாய்ந்த வெளிச்சத்தில் தேட வேண்டும். முல்லார்டு என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் வால்வுகளில் அதன் மேல்வரி வகையைச் சொல்லும். கீழ்வரியில் 'பி' என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை, அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த எழுத்து மாதம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால், 5 என்பது 1965-ஆ 1975-ஆ என்பதை ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மரின் தேதியோடு ஒப்பிட்டே தீர்மானித்தேன். ஒன்று 1965-ஐச் சேர்ந்தது. மற்றதில் 8 இருந்ததால், அது பின்னாளில் மாற்றப்பட்டது என்று நண்பரிடம் தயங்கியே சொன்னேன்.