அரியாங்குப்பம் ஆற்றில் ட்ரவுட் தூண்டில்

புதுச்சேரியில் ட்ரவுட் மீன் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குக் குளிர்ந்து ஓடுகிற தண்ணீர் வேண்டும், 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் ட்ரவுட் பார்க்க நீலகிரிக்குத்தான் போகணும், அங்கேயும் அது வெள்ளைக்காரர்கள் வெளியிலிருந்து முட்டை கொண்டுவந்து வளர்த்ததுதான். 1907-ல் அவலாஞ்சியில் அதற்கென்றே ஒரு குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். ஆனால் அந்த மீனுக்காக இங்கிலாந்தின் வடக்கே உருவான ஒரு தூண்டில் முறை நம்ம ஊர்க் கழிமுகத்தில் எடுபடுமா என்று பார்க்கத்தான் பங்குனியில் அரியாங்குப்பம் போனோம். எடுபடுகிறது.

கூட வந்தது என் மாமா பையன். இங்கிலாந்தின் யார்க்ஷரில், லீட்ஸ் பக்கம் வேலை. அங்கே ட்ரவுட் சீசன் மார்ச் 25-ல் திறந்து செப்டம்பர் கடைசியில் மூடும், அந்த முதல் வாரத்துக்காகவே குளிர்காலம் முழுக்கத் தூண்டில் முள்ளில் இறகு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள், இந்த வருடம் சரியாக அந்த நேரத்தில் கடலூரில் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தான். பெட்டியில் கம்பை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருந்தான். "மச்சான், எங்கேயாவது ஓடுற தண்ணி காட்டு" என்று நச்சரிப்பு தாங்கவில்லை. சரி, கிளம்பு என்று வண்டியை எடுத்தேன்.

அவன் பிடிப்பது வெட் ஃப்ளை முறையில். புழுவும் இல்லை, இறாலும் இல்லை, முள்ளில் பட்டு நூலைச் சுற்றி ஒரு இறகைக் கட்டிய பொய் இரை. மேலே மிதக்கிற ட்ரை ஃப்ளைக்கு விறைப்பான சேவல் கழுத்து இறகு வேண்டும், மூழ்குகிற இதற்கு மென்மையான இறகு, பெட்டைக்கோழி கழுத்திலிருந்து எடுத்தாலும் போதும். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆரஞ்சு நூலில் நாலு மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரில் போட்டு ஓட்டம் பட்டதும் அந்த மயிர்கள் விரிந்து சுருங்கி, பூச்சி ஒன்று கால் உதறுகிற மாதிரி ஆகிவிடுகிறது. வசந்த காலத்தில் அங்கே ஆற்றடியில் வளர்ந்த பூச்சிகள் நடுப்பகல் வெயிலில் இறக்கை விரிக்க மேலே கிளம்புமாம், அவை நீர்மட்டத்தைத் தொடும் முன்பே ட்ரவுட் வாயில் போட்டுக்கொள்ளும். அதனால்தான் மிதக்கிற இரையைவிட மூழ்குகிற இரைக்கு அப்போது மதிப்பு.

நாங்கள் நின்றது காக்காயந்தோப்புக்கு அருகே, அரிக்கமேட்டுக் கரைக்குக் கீழே. 1945-ல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய மட்பாண்டம் எடுத்த அதே மேடு. இடத்தை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். இறகு கட்டிய முள்ளைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய விவரமான குறிப்பு ஒரு ரோமானியருடையது. கி.பி. 200 வாக்கில் ஈலியன் என்பவர், மாசிடோனியாக்காரர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூல் சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் முளைக்கும் இரண்டு இறகைக் கட்டி மீன் பிடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். இங்கே கப்பலில் வந்து இறங்கிய எவனாவது ஒருத்தன் அந்த வித்தை தெரிந்தவனாக இருந்திருக்கலாம் இல்லையா? ஆதாரம் எதுவும் இல்லை, சும்மா ஆசைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறைக்கு ஓட்டம்தான் முதல். கழிமுகத்தில் மலையாறு மாதிரி நாளெல்லாம் ஒரே பக்கம் ஓடாது, கடல் ஏறும்போது உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும். நம்ம கரையில் ஏற்ற வற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான், அமாவாசை பௌர்ணமியை ஒட்டித்தான் இழுப்பு நன்றாக இருக்கும். நல்ல காலம், துறைமுகத்துக்காகக் கல் கொட்டி, மணல் தூரத் தூர வாரிக்கொண்டே இருப்பதால் இந்த ஆற்றுக்கு வாய் திறந்திருந்தது. வற்று நீர் கிளம்பியதும் மச்சான் குறுக்கே, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வீசினான். நடு ஆற்று வேகத்தில் தூண்டில் நரம்பு வில்லாக வளையும், வளைந்தால் இரையை வேகமாக இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கம்பு நுனியால் அந்த வளைவை எடுத்து ஓட்டத்துக்கு மேல்பக்கம் போட்டுக்கொண்டே இருக்கணும். மற்றதெல்லாம் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்: இரை அரைவட்டம் அடித்துக் கரைப்பக்கம் வரும், நமக்கு நேர் கீழே வந்து நிற்கும். உடனே சுருட்டாமல் அங்கேயே கொஞ்சம் தொங்கவிட்டு, மெல்லத் தூக்கணும். கடி பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

வீச்சு வலையோடு வந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, மாடு ஓட்டுற சாட்டையா?" என்றார். "மீன் பிடிக்கிறதுதான் அய்யா" என்றதும் முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கூனி இறால் மாதிரி இருக்கு. அந்தக் கண்டல் வேர் முடியற இடத்துல போடு, அங்கதான் கூனிய தேடிக்கிட்டு நிப்பான்." நாங்கள் பூச்சி பூச்சி என்று பேசிக்கொண்டிருந்ததற்கு உப்புத் தண்ணீரில் அர்த்தமே இல்லை, அவர் ஒரு பார்வையில் சரியாகப் பிடித்துவிட்டார்.

அவர் சொன்ன இடத்தில் முதலில் விழுந்தது கீச்சான். கையகலம், உடம்பில் வளைந்த கறுப்புக் கோடுகள், தூக்கியதும் கர்ர் கர்ர் என்று சத்தம் போடும். செவுள் மூடியில் முள் இருக்கிறது, துணி சுற்றிப் பிடிப்பது நல்லது. அப்புறம்தான் மொரான் கெண்டை. இரை தொங்கிக்கொண்டிருந்தபோது சட்டென்று நரம்பு விறைத்தது, அடுத்த நொடி வெள்ளித் தகடாக ஒரு முழம் மீன் தண்ணீருக்கு மேலே. கம்பு பாதிவரை வளைந்தது. ட்ரவுட்டுக்குக் கம்பை மெல்ல உயர்த்தினாலே முள் ஏறிவிடுமாம். இதன் வாய் எலும்பு, நரம்பைக் கையால் வெடுக்கென்று இழுக்கணும். மூன்றாவது துள்ளலில் முள்ளைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. மச்சானுக்கு வருத்தமே இல்லை, "எங்க யார்க்ஷர் வார்ஃப் ஆத்துல இப்படி ஒண்ணு குதிச்சா ஊரே பேசும்டா" என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

போக நினைப்பவர்கள் விடிந்ததும் போய்விடுங்கள், வெயில் ஏறிக் கடல்காற்று கிளம்பிவிட்டால் எடையே இல்லாத அந்த இரையை எதிர்க்காற்றில் வீச முடியாது. ட்ரவுட்டுக்கு ஒரே நரம்பில் மூன்று இரை கட்டுவார்கள், இங்கே ஒன்றே போதும், வேரிலும் பழைய வலைக் கந்தலிலும் சிக்கி அறுந்தால் ஒன்றோடு போகும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், ஆற்றுக்குச் செய்த சாமான் உப்புக்குத் தாங்காது.