பக்கம் திறக்கிறது, தேடினால் வரவில்லை

"கூகுளுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் சார், பொறுங்க." தளத்தைப் புது வடிவமைப்புக்கு மாற்றிக் கொடுத்த டெவலப்பரிடம் எப்போது கேட்டாலும் இதுதான் பதில். அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. புதுப் பக்கம் இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், ஏறச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஆனால் ஏற்கனவே தேடலில் வந்துகொண்டிருந்த பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைத் தாமதம் என்று எப்படிச் சொல்வது? பழைய பிலிம் கேமராக்களைப் பழுதுபார்ப்பது பற்றிய தளம் என்னுடையது. தளத்தின் பெயரை அப்படியே தட்டித் தேடினாலும் வராத நிலை.

காரணம் தெரிய, நம் பக்கங்களைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலைப் பார்க்க வேண்டும். அது டெவலப்பரின் கணக்கில் இருந்தது. "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்பார், ஒரு ஸ்கிரீன்ஷாட் கேட்டால் அனுப்ப மாட்டார். உரிமையை நானே நிரூபிக்க டிஎன்எஸ்ஸில், அதாவது தளப்பெயருக்கான பதிவேட்டில், டிஎக்ஸ்டி ரெகார்ட் என்ற ஒரு குறிப்பு வரியைச் சேர்க்க வேண்டும். அதுவும் அவர் கையில்தான். நல்ல வேளை, டொமைன் என்கிற அந்தத் தளப்பெயர் என் மின்னஞ்சலில் பதிவாகியிருந்ததால் நிர்வாகத்தை மீட்க முடிந்தது. தளத்தை யார் செய்து கொடுத்தாலும் சரி, டொமைனும் சர்ச் கன்சோலும் உங்கள் பெயரில் இருக்கட்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

உள்ளே போனதும் விஷயம் ஒரே வரியில் தெரிந்தது: 'நோஇண்டெக்ஸ்' காரணமாக விலக்கப்பட்டவை. கூகுளுக்காகப் பக்கங்களைப் படித்துப் போகும் நிரலான கிராலர் வந்திருக்கிறது, படித்திருக்கிறது, "என்னைச் சேர்க்காதே" என்று பக்கமே சொன்னதால் விட்டுவிட்டது. இதைக் காட்டினால் டெவலப்பர் பக்கத்தின் சோர்ஸை, அதாவது பின்னாலுள்ள நிரல் வரிகளைத் திறந்து, "எங்கே இருக்கு, காட்டுங்க" என்றார். உண்மையிலேயே அதில் இல்லை. ஹோஸ்டிங் உதவி மையத்திலோ, பிரவுசர் கேஷை, அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல்களை, அழித்துப் பார்க்கச் சொன்னார்கள். என் பிரவுசர் கேஷுக்கும் கூகுளின் கிராலருக்கும் என்ன சம்பந்தமோ!

நோஇண்டெக்ஸ் பக்கத்துக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்பான ஹெடரில், எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் என்ற வரியாகவும் வரும். சோர்ஸை எவ்வளவு துழாவினாலும் கிடைக்காது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ரெஸ்பான்ஸ் ஹெடரைப் பார்த்தால், அங்கே உட்கார்ந்திருந்தது. புது வடிவமைப்பை முதலில் முயன்று பார்த்த சோதனைத் தளம் தேடலில் வராமலிருக்கப் போட்ட வரி. சர்வர் அமைப்பை அப்படியே நகலெடுத்தபோது கூடவே வந்துவிட்டது. வட்டம் போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை, வரி மட்டும் அன்றே நீங்கியது.

அப்புறம், சோதனைத் தளத்தை மறைக்க ரோபாட்ஸ் கோப்பில் தடை போடப்போவதாகச் சொன்னார். அந்தத் தடை கிராலரை உள்ளே வராதே என்று மட்டும்தான் சொல்லும். வேறு தளத்தில் இணைப்பு இருந்தால் முகவரி தேடலில் வரலாம். உள்ளே வராத கிராலர் நோஇண்டெக்ஸைப் பார்க்கப் போவதும் இல்லை. பாஸ்வேர்டு போட்டு மூடச் சொன்னேன்.

பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுத்து, முக்கியமான பக்கங்களுக்கு இண்டெக்ஸிங் கோரிக்கையும் வைத்ததும் பக்கங்கள் திரும்ப வரத் தொடங்கின. ஒரே முகவரிக்கு அந்தப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் வேகம் கூடாது.

வந்தது சரி, பழைய இடத்தில் வரவில்லை. இந்த நேரம் பார்த்து ஒருவர், முதல் இடத்துக்கு உத்தரவாதம் என்று தொடர்புகொண்டார். அவருடைய திட்டத்தில் முதல் வேலை, பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்களான மெட்டா கீவேர்டுகளை நிரப்புவது. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லியாயிற்று. கும்பிடு போட்டு அனுப்பினேன்.

உண்மையான காரணம் முகவரிகள். மற்ற தளங்கள் தரும் இணைப்புகளை வைத்து மதிப்பிடுவதுதான் 1998-ல் கூகுளின் நிறுவனர்கள் பேஜும் பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்கின் அடிப்படை. இப்போது வேறு பல அளவுகோல்கள் சேர்ந்திருந்தாலும் இணைப்புக்கு மதிப்பு போய்விடவில்லை. எனக்கு வந்த இணைப்புகளெல்லாம் பழைய முகவரிகளுக்கு. புது வடிவமைப்பில் முகவரிகளை மாற்றிய டெவலப்பர், பழையவை அத்தனையையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருந்தார். ஷட்டர் பற்றிப் படிக்க வந்தவரை முகப்பில் நிறுத்தினால் கூகுள் அதைச் 'சாஃப்ட் 404' என்று, அதாவது இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கே 301 போட்டு, அதாவது 'நிரந்தரமாக இடம் மாறியது' என்ற குறியீட்டோடு, திருப்ப வேண்டும்.

பழைய முகவரிகளின் பட்டியல் தன்னிடம் இல்லை என்று டெவலப்பர் கைவிரித்தார். தளங்களின் பழைய நகல்களைச் சேமிக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் தேடி எடுத்தேன். தமிழ் முகவரிகள் அங்குதான் கண்ணைக் கட்டின. முகவரியில் தமிழ் எழுத்து குறியீடாக மாறிவிடும். 'க' என்ற ஒற்றை எழுத்து, சதவீதக் குறிகளோடு சேர்ந்து ஒன்பது குறிகளாக நீளும்; ஒரு தலைப்பே பல வரி. டீகோடர் ஒன்றில் போட்டுத் தமிழாக்கிக்கொண்டு பொருத்துவதுதான் வழி.

ஷட்டர் கட்டுரை மறுபடி முதல் பக்கத்தில் வருகிறது. லைட் மீட்டர் கட்டுரை இன்னும் பின்னால்தான் இருக்கிறது. 301-களைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். தேவையில்லாததைச் சுத்தம் செய்கிறேன் என்று டெவலப்பர் அவற்றில் கை வைத்துவிடாமலிருக்க, சர்வர் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது.