அம்மாவின் மத்தும் 808 சிசி ரேஸ் காரும்

கோயம்புத்தூர்க்காரனுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும், பக்கத்துத் தெருவில் ஒரு லேத் பட்டறையும் இருந்தால் கை சும்மா இருக்காது. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கிரைண்டரும் பம்ப்செட்டும் செய்து முன்னேறினார்கள். நானும், லேத் வைத்திருக்கும் என் பள்ளிக்கூட நண்பனும் ரேஸ் கார் செய்யக் கிளம்பினோம்.

ஊர் ராசி அப்படி. மாருதி 800 எஞ்சினைப் பின்பக்கம் வைத்து ஒற்றை ஆள் ஓட்டும் ரேஸ் கார்களை, ரேஸ் ஓட்டுநர் கரிவரதன் செய்தது இங்கேதான். ஃபார்முலா மாருதி என்று பெயர். 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயன் ஆரம்ப காலத்தில் ஓட்டியதும் அந்த வகைக் கார்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் நண்பன் ஒரே பாட்டுப் பாடுவான்: "நாலு குழாய், ஒரு மாருதி எஞ்சின். அவ்வளவுதானே மாப்ளே?"

குழாய் நாலோடு நிற்கவில்லை. அந்தக் கணக்கை வீட்டில் யாரும் கேட்காததால் இங்கேயும் எழுதப்போவதில்லை. சட்டகம் வெல்டிங் ஆகி முடிய எட்டு மாதம். அது அவன் பாடு. எஞ்சின் என் பாடு.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே கிடைத்தன. மூன்று சிலிண்டர், 796 சிசி, புதிதாக இருந்த காலத்தில் 37 குதிரைத்திறன். நான் வாங்கும்போது அதில் எத்தனை குதிரை உயிரோடு இருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது. ஆயில் சம்ப்பைக் கழற்றினால் உள்ளே ஆயிலுக்குப் பதில் அல்வா மாதிரி ஒன்று இருந்தது. சிலிண்டர் சுவரில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள். போரிங் பட்டறை அண்ணன் மைக்ரோமீட்டரை விட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, அரை மில்லி எடுத்தாத்தானுங்க கோடு போகும்" என்றார். 68.5 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 69 ஆனது. கணக்குப் போட்டால் எஞ்சின் 808 சிசிக்குக் கொஞ்சம் கீழே வந்தது. தேய்மானத்தால் கிடைத்த அந்தப் பன்னிரண்டு சிசியை ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து சுத்தம் செய்யும் படலம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் பித்தளை ஜெட்டுகள் பச்சை பூத்துக் கிடந்தன. பெட்ரோலில் கழுவினேன், போகவில்லை. வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "குத்துவிளக்கு மாதிரிதான இருக்குது. புளியில போடு கண்ணு." போட்டேன். பத்து நிமிடத்தில் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ஜெட்டின் நடுவே ஊசி முனை அளவு ஓட்டைதான் இருக்கும். அதில் புளி நார் போய் உட்கார்ந்துகொண்டது. கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி, எஞ்சின் பெட்ரோலாகக் குடிக்கும். கடைசியில் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய்க் காற்றடித்தேன். "என்னண்ணா, ரசம் வாசம் வருது?" என்றான் அங்கிருந்த பையன்.

இதில் வந்த தெம்பில், அந்தக் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையும் வீட்டு முறையிலேயே சுத்தம் செய்யத் துணிந்தேன். புளிக்கே இப்படி என்றால் காஸ்டிக் சோடாவுக்கு எப்படி இருக்கும்! ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மேனிஃபோல்டை முக்கிவிட்டுத் தூங்கப் போனேன். போகும்போதே பொங்கல் பானை மாதிரி நுரை பொங்கியது. அழுக்கு கிளம்புகிறது என்று நினைத்துச் சந்தோஷமாகவே படுத்தேன். கிளம்பியது அழுக்கு இல்லை, அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றும் ஹைட்ரஜனாக விடும் என்று பத்தாம் வகுப்பில் நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன். காலையில் பார்த்தால் மேனிஃபோல்டு கன்னங்கரேலென்று, கேஸ்கெட் உட்காரும் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. எங்கள் கொட்டகையில் பீடி பிடிக்கும் வாட்ச்மேன் அன்று லீவு என்பதுதான் ஒரே ஆறுதல்.

அம்மா வாளியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அலுமினியச் சட்டிய சோடாவுல போட்டாக் கருத்துப் போகும்னு எனக்கே தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

மறுபடி உக்கடம். கடைக்காரர் இன்னொரு மேனிஃபோல்டை எடுத்து வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

சிலிண்டர்களின் வாயைத் திறந்து மூடும் ஆறு வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்கும் வேலை வந்தது. வால்வின் விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். இரண்டு வால்வு முடிவதற்குள் என் உள்ளங்கையில் கொப்புளம். தண்ணீர் கொண்டுவந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "மோர் கடையற மாதிரி இருக்குது, தா இங்க" என்று குச்சியை வாங்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அந்தத் தாளத்தைப் பார்த்திருக்க வேண்டும். சர் சர்ரென்று சீராக, நடுவே ஒருமுறை தூக்கிக் கால் சுற்று திருப்பி, மறுபடி சர் சர். தூக்கித் திருப்ப வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. மீதி நாலும் அரை மணியில் முடிந்தன.

சிலிண்டர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிச் சோதித்தோம். வால்வு சரியாக உட்கார்ந்திருந்தால் போர்ட் என்கிற துவாரம் வழியாக ஒரு சொட்டுக்கூட வராது. அம்மா கடைந்த நாலும் காய்ந்த ஓலை மாதிரி இருந்தன. நான் செய்த இரண்டும் ஒழுகின. அவற்றையும் அவரே திரும்பக் கடைந்தார். (பேஸ்ட் பட்ட புடவைக்கு என் அக்காவிடமிருந்து எனக்குத்தான் திட்டு விழுந்தது.)

எஞ்சினைச் சட்டகத்தில் ஏற்றிய நாளில் ஒரு சின்னச் சிக்கல். மாருதியில் முன்னால் குறுக்காக இருந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அப்படியே பின்னால் கொண்டுபோய் வைத்தால் ஒரு குழாய் இடித்தது. நண்பன் தலையைச் சொறிந்துவிட்டு, "திருப்பி வெச்சுக்கலாம் மாப்ளே, முன்பக்கத்தைப் பின்பக்கமா" என்றான். திருப்பினோம். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்று ராத்திரி புரோட்டா வாங்கிக் கொண்டாடினோம்.

சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது, மூன்றாவது கிராங்கில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! கியர் போட்டதும் சக்கரங்கள் சுற்றின. தெருவே கை தட்டியது. அவை எந்தப் பக்கம் சுற்றின என்று ஒருத்தருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பனின் மாமா தோட்டத்துக் களம். நான் ஹெல்மெட்டோடு உள்ளே. அம்மா முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்தார். எதிரே இருநூறு அடிக்கு வெட்டவெளி, முதுகுக்குப் பின்னால் பத்தடியில் வைக்கோல் போர். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை அழுத்தி, கிளட்சை விட்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கவே இல்லை. நான் வைக்கோல் போருக்குள் இருந்தேன்.

வைக்கோலை விலக்கி என்னைத் தோண்டி எடுத்தபோதுதான் நண்பனுக்கு விளங்கியது. எஞ்சினைத் திருப்பி வைத்தால் சக்கரம் சுற்றும் திசையும் திரும்பிவிடும். ஆக, எங்கள் கையில் இருந்தது பின்னால் போக நாலு கியரும் முன்னால் போக ஒரு கியரும் உள்ள ரேஸ் கார். மவுண்டிங்கை எல்லாம் அறுத்து மறுபடி வெல்டிங் வைக்க இன்னும் இரண்டு மாதமாவது ஆகும்.

"அந்தப் பழத்த எடுத்துக்கட்டுமா கண்ணு? சாதம் கிளறலாம்" என்றார் அம்மா.

எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரிவர்ஸ் கியர் போட்டு, கொட்டகையைப் பார்த்து நேராக ஓட்டினேன்.